பேச்சி பணியில் இல்லாத நாள்

பேச்சி செத்துப்போன சேதி வந்தபோது என் இரண்டு கைக்கும் நடுவில் ஒரு குடிகாரனின் மண்டை இருந்தது. கள்ளு ஷாப்பு வாசலில் எவனோ பாட்டிலால் அடித்ததில் உச்சி பிளந்திருந்தது. நான் தலையை அமுக்கிப் பிடிக்க, டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவன் என் குலத்தையே மேலிருந்து கீழாகத் திட்டிக்கொண்டிருந்தான். கோட்டுப் பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது. பெருக்க வந்த அக்கா அதை எடுத்து என் காதில் வைத்தார். பேச்சியின் வீட்டுக்காரர் ராசு அண்ணன். "முடிஞ்சிருச்சு ஜோதி" என்றார்.

தையல் முடிகிறவரை நான் தலையை விடவில்லை. விட்டிருந்தால் பேச்சியே எழுந்து வந்து என்னை அறைந்திருப்பாள். கட்டுப் போட்டு அவனை அனுப்பிவிட்டு, கருவிகள் அவிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கையில் கிடைத்த ஸ்டீல் தட்டைச் சுவரில் வீசினேன். பிறகு நானே குனிந்து பொறுக்கி, நெளிந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தி வைத்தேன். தற்காலிகக்காரி எதையாவது உடைத்தால் கேள்வி வேறு மாதிரி வரும். அழுகைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த அஞ்சலியை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் "அவர்" என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். எனக்கு அது கையில் வரவில்லை. எனக்கும் பேச்சிக்கும் ஒரே வயது. என்னை அவள் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள், நானும் அவளை வாடி போடி என்றுதான் பேசுவேன். மரியாதை தர வேண்டிய இடத்தில் தராதவர்கள் இப்போது எழுத்தில் தந்து என்ன ஆகப்போகிறது? அவளைத் தெரிந்த நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

பேச்சியம்மாள் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலை ஏறிய குடும்பம். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். தேனியில் நர்சிங் படித்தாள். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர் ராசுவைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். கேரளத்து மலைமேல் இருக்கும் எங்கள் அரசு ஆஸ்பத்திரியில் தினக்கூலி நர்சு வேலைக்கு நானும் அவளும் ஒரே நாளில்தான் இன்டர்வியூவுக்கு நின்றோம். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். மலையாளம் தெரியுமா என்று உள்ளே கேட்டார்களாம். திட்டு வாங்கிக்கொள்கிற அளவுக்குத் தெரியும் என்று மலையாளத்திலேயே பதில் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே யானை மிதித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விடிகாலையில் தோட்டத்துக்குப் போன ஆள். இடுப்புக்குக் கீழே எலும்பு என்று சொல்ல எதுவும் இல்லை, சாக்கில் சுற்றியிருந்தார்கள். கூடவே ஜீப் ஜீப்பாக ஆட்கள். டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து வர வேண்டும். அதற்குள் ஒருவன் கல்லை எடுத்து ஆஸ்பத்திரி முன்கண்ணாடியை உடைத்தான். அடுத்து எல்லோரும் உடைக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடித் துண்டு என் நெற்றியைக் கிழித்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். பேச்சி குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"உள்ள ஒருத்தர் உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. உடைக்கணும்னு கை அரிச்சா, அந்தா நிக்குல்லா உங்க ஜீப்பு, அதை உடைங்க" என்றாள்.

ஒருவன் அவளை நோக்கி வந்தான். கம்பியை அவன் மார்பில் வைத்து ஒரே தள்ளு. அவன் விழுந்த பிறகு மற்றவர்கள் நின்றார்கள். அந்த ஆள் பிழைக்கவில்லை. ஆனால் கடைசி மூச்சுவரை பேச்சி அவர் தலையை மடியில் வைத்து வாயில் வந்த ரத்தத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். என் நெற்றித் தையலை அவள்தான் போட்டாள். தழும்பு தெரியாது என்றாள். நன்றாகவே தெரிகிறது.

கையை நீட்டத் தெரிந்தவளைக் கையைக் கட்ட வைத்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் முறிந்து வந்த ஒரு தடியன், ஊசி வலித்தது என்று அவள் கொண்டையைப் பிடித்து முறுக்கி அவள் முகத்தைக் கட்டில் கம்பியில் மோதினான். உதடு பிளந்தது. அவள் ஒரு அறை விட்டாள். வார்டே கேட்டது. அவன் யாரோ பெரிய இடத்துக்கு வேண்டியவன். மறுநாளே அவளுக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் அடுத்த தடவை புதுப்பிக்க மாட்டோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வீங்கிய உதட்டோடு அவன் கட்டிலுக்கு எதிரே நின்று மன்னிப்புக் கேட்டாள். அவன் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே கேட்டான். ஹெட் நர்ஸ் சாந்தம்மா சேச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் பேச்சி என்னிடம், "ஸ்திரம்னா அடிக்கலாம் ஏட்டி, நாம தால்காலிகம், வாங்கத்தான் செய்யணும்" என்றாள். நிரந்தரம், தற்காலிகம் என்று பொருள்படும் ஸ்திரம், தால்காலிகம் என்ற இரண்டு மலையாளச் சொற்களும் எங்களுக்கு சாதிப் பெயர் மாதிரி ஆகியிருந்தன.

இந்தத் தால்காலிகத்தின் சூட்சுமம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களை ஆறு மாதத்துக்கு என்று எடுப்பார்கள், ஆறு மாதம் நிறைவதற்கு முன்னால் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு நாள் விட்டு மறுபடியும் எடுப்பார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்தேன், என்னை நிரந்தரமாக்கு என்று எவளும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது, அதற்குத்தான். அந்த ஒரு நாளுக்கு பிரேக் என்று பெயர். பிரேக் நாளில் நாம் வருகைப் பதிவில் கிடையாது, வெள்ளைக் கோட்டு போடக் கூடாது, ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை ரோட்டில் போகிற யாரோ ஒருத்தி. மறுநாள் காலையில் அதே கட்டிலில் அதே நோயாளிக்கு அதே ஊசியைப் போடுவோம்.

நாங்கள் இதை வைத்து ஒரு கூத்துப் பண்ணுவோம். நிரந்தர நர்சுகள் ஓய்வு பெற்றால் ஹாலில் கூட்டம் போட்டு, பொன்னாடை போர்த்தி, மோதிரம் போட்டு சென்டாஃப் கொடுப்பார்கள். எங்களுக்கு யார் கொடுப்பது? அதனால் எவளுக்கு பிரேக் வருகிறதோ அவளுக்கு மற்றத் தற்காலிகக்காரிகள் சேர்ந்து, மத்தியான டீ நேரத்தில், டிரெஸ்ஸிங் அறையில் சென்டாஃப் கொடுப்போம். பஞ்சையும் கட்டுத்துணியையும் கோத்து ஒரு மாலை. தேதி முடிந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று நினைவுப் பரிசு. ஒருத்தி சூப்ரண்டு மாதிரி தொண்டையைச் செருமி, இவருடைய ஒப்பற்ற சேவை என்று பேசுவாள். பிரேக்காரி வீட்டிலிருந்து நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து ஏற்புரை கொடுக்க வேண்டும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். சிலருக்கு வந்த தண்ணீர் சிரிப்பால் மட்டும் வந்ததில்லை.

நான் சொல்ல வந்த அந்த நாளில் பேச்சிக்கு பிரேக். கனகாம்பர நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் மாலையைப் போட்டோம். ஏற்புரைக்கு ஸ்டூலில் ஏறி நின்றாள்.

"மதிப்புக்குரிய சூப்ரண்டு அவர்களே, இன்னைக்கு ஒரு நா நான் உங்க ஆளு இல்ல. இன்னைக்கு எவனாவது என் கொண்டையில கைய வச்சான்னா, கைய முறிச்சு அவன் மடியிலயே போடுதேன். மெமோவ எந்த அட்ரசுக்கு அனுப்புவீய?"

கைதட்டி முடிக்கவில்லை, வெளியே ஜீப்புகள் வந்து நின்ற சத்தம் கேட்டது; மற்றவர்கள் தங்கள் வார்டுகளைப் பார்க்க ஓடிவிட, பேச்சியும் நானும்தான் அங்கே நின்றோம். கோடைக்காலம். ஓடையில் ஓஸ் போட்டு ஏலக்காய்ச் செடிக்குத் தண்ணீர் எடுப்பதில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களான இரண்டு குடும்பங்களுக்குள் தகராறு. பேச்சு முற்றி அரிவாளை எடுத்துவிட்டார்கள். வெட்டியவர்களையும் வெட்டுப்பட்டவர்களையும் ஒரே கேஷுவாலிட்டிக்குள் கொண்டுவந்து தள்ளினார்கள். தரை முழுக்க ரத்தம். இரண்டு வீட்டுப் பெண்களும் உள்ளேயே மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஒருத்தியை ஒருத்தி முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே இருந்தது ஒரு டாக்டரும் சாந்தம்மா சேச்சியும் மட்டும். இன்னும் இரண்டு நர்சுகள் இருக்க வேண்டிய இடம். அந்த இரண்டு நாற்காலியும் ஆள் போடாமல் எத்தனையோ நாளாகக் காலியாகக் கிடந்தன.

டாக்டர் நடைக்கு ஓடிவந்தார். முழங்கை வரை ரத்தம். "பேச்சி, ஓடி வா" என்று கத்தினார். மலையாளத்தில்தான் கத்தினார், "ஓடி வா" இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். இதை என் காதால் கேட்டேன். யார் எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். சாகிறவரை சொல்வேன்.

பேச்சி மாலையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். டிராலியில் கிடந்தவன் பெயர் கதிரேசன். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தவன். கழுத்தின் இடப்பக்கம் அரிவாள் இறங்கியிருந்தது, ரத்தம் பீறிட்டுச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சி டிராலியில் ஒரு காலை ஏற்றி மண்டியிட்டு, காயத்துக்குள் விரலை விட்டு, மேலே மற்றக் கையை வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி அமுக்கினாள். ரத்தம் நின்றது. பஞ்சு மாலை சிவப்பு மாலையாகிவிட்டது. நான் பக்கத்து டிராலியில் இன்னொருவன் வயிற்றைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தேன். இரண்டு டிராலிக்கும் நடுவில் கை நீட்டினால் தொடுகிற தூரம்தான்.

அப்போதுதான் கதிரேசனின் அண்ணன் பாண்டி உள்ளே வந்தான். ஜீப்பைத் திருப்பி நிறுத்தப் போயிருந்தவன். முற்றத்தில் எதிராளிகள் நின்றதால் ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்திருந்தான். அவன் கண்ணில் பட்டது, கலர் சேலை கட்டிய ஒருத்தி தன் தம்பியின் மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அவன் கழுத்தை நெரிப்பது. எதிராளி வீட்டுப் பெண்களும் கலர் சேலையில்தானே அங்கே நின்றார்கள். அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பேச்சி கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"கைய எடுத்தா செத்துருவான்ல" என்றாள்.

அவன் தலையில் அடித்தான்.

எவனாவது தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லி ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தவள் அவள். அன்றைக்கு ஒரு நாள் அவளுக்கு யாரும் மெமோ கொடுத்திருக்க முடியாது. ஆனால் இரண்டு கையும் அவனுடைய தம்பியின் கழுத்தில் இருந்தன. அவள் சரிந்து கீழே விழுந்தாள். கதிரேசனின் கழுத்திலிருந்து ரத்தம் மறுபடி பீறிட்டது. நான் பொத்தியிருந்த வயிற்றை அந்த ஆளின் சொந்தக்காரி ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டு, தரையில் கிடந்த பேச்சியைத் தாண்டிக் கால் வைத்து, அவள் விரல் இருந்த இடத்தில் என் விரலை வைத்தேன். அவள் என் காலடியில் வாயில் நுரை தள்ளிக்கொண்டு கிடந்தாள். நான் குனியவில்லை. சாந்தம்மா சேச்சி அவள் மேல் விழுந்து மறைத்துக்கொண்டார். மூன்றாவது அடி சேச்சியின் முதுகில் விழுந்தது. அதற்குள் ஆட்கள் பாண்டியைப் பிடித்துவிட்டார்கள். நான் பிடித்த பிடியை விடவில்லை. கதிரேசன் பிழைத்துக்கொண்டான்.

தற்காலிக நர்சு வைத்தால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிச்சமான செலவு எங்கே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது ஜாக்கிக் கம்பியாக வந்து பேச்சியின் மண்டையில் இறங்கியது. இரண்டு நாற்காலிக்கு ஆள் போட்டிருந்தால் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். அந்த ஒரு நாள் பிரேக் என்ற அயோக்கியத்தனம் இல்லாதிருந்தால் அவள் உடம்பில் வெள்ளைக் கோட்டு இருந்திருக்கும், அந்த முட்டாள் கம்பியைக் கீழே போட்டிருப்பான். அவனே பின்னால் அதைத்தான் சொன்னான்.

அவளை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ராசு அண்ணன் ஜீப்பை விற்றார். ஆஸ்பத்திரியிலிருந்து மேலிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் போனது. காயம்பட்டவர் அன்றைய தினம் பணியில் இல்லை, அனுமதி இல்லாமல் சிகிச்சை அறைக்குள் நுழைந்தவர் என்று அதில் எழுதியிருந்தார்கள். டாக்டரைக் கேட்டார்கள். அந்த அமளியில் யாரைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை என்றுவிட்டார். அவரும் ஒப்பந்தம்தான், அடுத்த மாதம் அவருக்கும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் பேச்சியைக் கூப்பிட்டதை நான் கேட்டேன் என்று சொன்னேன். நீ அவளுடைய சிநேகிதி என்றார்கள்.

ஆஸ்பத்திரி ஊழியரை அடித்தால் கடும் தண்டனை, லேசில் ஜாமீன் கிடைக்காது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் பேச்சிக்குப் பொருந்தவில்லை. ரோட்டில் போகிற ஒருத்தியை அடித்த கணக்கில் கேஸ் போட்டார்கள், பாண்டி சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். அவள் நர்சு என்று ஆகிவிட்டால் தண்டனை கூடும் என்று அவன் வக்கீலுக்குப் பயம். அவள் நர்சு என்று ஆகிவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்று ஆபீசுக்குப் பயம். அடித்தவனும், அடிவாங்க வைத்தவர்களும் ஒரே பொய்யில் வந்து சேர்ந்துகொண்டார்கள். ராசு அண்ணன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு மேல் வாய்தா.

பேச்சி ஒன்றரை வருஷம்போலப் படுக்கையில் இருந்தாள். வலது கை விளங்காமல் போய்விட்டது, நாக்கு குழறியது, அடிக்கடி வலிப்பு வந்தது. ஆனால் திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும் தெளிவாக வரும். கதிரேசன் முதல் தடவை பார்க்க வந்தபோது நான் அங்கே இருந்தேன். அவன் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் ராசு அண்ணனுக்கு வெறி பிடித்துவிட்டது. சொருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். கதிரேசன் ஓடவில்லை, தலையைக் குனிந்து நின்றான். கட்டிலிலிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"ஏங்க, அதை வெட்டாதீய. நான் கஷ்டப்பட்டுப் புடிச்சு வச்ச கழுத்து."

ராசு அண்ணன் அரிவாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு கதிரேசன் வாரா வாரம் வந்தான். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் உட்காரவைப்பான். அவன் கல்யாணம் நின்றுபோயிருந்தது; அவனுக்குப் பெண் பார்க்கவும் பேச்சிதான் கிளம்பினாள், படுத்த இடத்திலிருந்து போனில்.

பாண்டியும் ஒரு நாள் வந்தான். காலில் விழுந்து, ஆள் தெரியாமல் செய்துவிட்டேன், வெள்ளைக் கோட்டு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று அழுதான். பேச்சி அவனைக் கிட்டே வரச் சொன்னாள். வந்தான். இடது கையால் ஓங்கி ஒரு அறை. அவன் கன்னத்தில் விரல் பதிந்தது. அன்றைக்குக் கொடுக்க வேண்டியதை இன்றைக்குக் கொடுக்கிறேன் என்று குழறிச் சொன்னாள். நான் ஒரு நர்சைத்தான் அடித்தேன் என்று கோர்ட்டில் சொல்வாயா என்று கேட்டாள். அவன் வக்கீலைக் கேட்கணும் என்றான். காறித் துப்பினாள். அவனும் போய்விட்டான், பிறகு வரவில்லை.

அவள் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு அதைப் பற்றித்தான். துணி மாற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பணம் வராட்டாப் போவுதுட்டி. அன்னைக்கு நான் நர்சாத்தான் இருந்தேன்னு ஒரு வரி. ஒரே வரி எழுதித் தரச் சொல்லேன்."

யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லிப் பார்க்காத இடம் இல்லை. சரிட்டி, வாங்கித் தருகிறேன் என்றேன்.

அடக்கத்தன்று நல்ல மழை. லயத்து ஆட்களும் தோட்டத்து ஆட்களும் எங்கள் தற்காலிகக்காரிகளும் சேற்றில் நின்றோம். நான் கட்டுத்துணி மாலை கொண்டுபோகவில்லை. அவளுக்கு நடத்தியதற்குப் பிறகு நாங்கள் யாருக்கும் அந்தக் கூத்தை நடத்தவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சூப்ரண்டும் ஆபீஸ் கிளார்க்கும் காரில் வந்திறங்கினார்கள். கூடவே சாந்தம்மா சேச்சி ஒரு பெரிய மலர் வளையத்தை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார். அதன் குறுக்கே வெள்ளை ரிப்பன். மலையாளத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் பேச்சியம்மாளுக்கு. கீழே ஆஸ்பத்திரியின் பெயர்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குப் பின்னால் சூப்ரண்டும் அப்போதுதான் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கிளார்க்கின் காதில் ஏதோ சொன்னார். கிளார்க் மழையில் பூ நனைகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து ரிப்பனில் கையை வைத்தான். செத்த வீட்டில், பிணத்தின் காலடியில், அதைக்கூட உருவிக்கொண்டுபோக வந்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவன் மற்றக் கையால் என்னைத் தள்ளினான், இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். வளையம் சிதறியது. அவன் முழங்கை என் பல்லில் இடித்து வாய் முழுக்க ரத்தம். நான் ரிப்பனைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் திணித்தேன். கதிரேசன் வந்து அவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அப்பால் நிறுத்தினான்.

சூப்ரண்டு, அதைத் தந்துவிடு, உன் புதுப்பித்தல் என் மேசையில்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். தரமாட்டேன் என்றேன். சாந்தம்மா சேச்சி என்னைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் என் வாயைத் துடைத்தார். பூக்கடையில் அந்த வரியை எழுதச் சொன்னது அவர்தான். அந்தக் கண்ணைப் பார்த்தபோது தெரியாமல் எழுதச் சொன்னாரா, தெரிந்தேதானா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சேச்சிக்கு ஓய்வு பெற இன்னும் வருஷம் இருக்கிறது. "நீ வெச்சோ மோளே" என்றார். நீயே வைத்துக்கொள் மகளே என்று அர்த்தம். சூப்ரண்டு கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

பேச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவ்வளவுதான். நெற்றியில் அவள் போட்ட கோணல் தையல். எப்படிப்பட்ட காயத்திலும் எங்கே அமுக்கினால் ரத்தம் நிற்கும் என்று என் விரலுக்கு அவள் கற்றுக்கொடுத்தது. சேற்றுக் கறையும் என் ரத்தக் கறையும் படிந்த அந்த ரிப்பன். அவள் கேட்ட ஒரு வரி. அவளால் படிக்க முடியாமல் போன வரி. மலர் வளையத்து ரிப்பனெல்லாம் சாட்சியம் ஆகுமா என்று ராசு அண்ணனின் வக்கீல் சிரித்தார். சிரிக்கட்டும்.

அடுத்த வாய்தா தேதி வந்திருக்கிறது. எனக்கு பிரேக்கும் அன்றைக்குத்தான். ரோட்டில் போகிற யாரோ ஒருத்தியாக இருக்க வேண்டிய நாள். நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போவேன். ரிப்பனை மேசைமேல் விரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி அந்த ஒரு வரியை வாசிப்பேன். கோட்டைக் கழற்றச் சொல்கிறவர்கள் கிட்டே வந்து கழற்றட்டும். அன்றைக்கு என் இரண்டு கையும் யார் கழுத்தையும் பிடித்துக்கொண்டிருக்காது, சும்மாதான் இருக்கும்.